ஓட்டிசம் உள்ளவர்கள் அம்மா, அப்பா ஆகும்போது: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓட்டிசம் என்பது மூளை வளர்ச்சியில் உள்ள ஒரு வித்தியாசம்; மற்றவர்களோடு கதைப்பது, பழகுவது, சத்தத்தையும் தொடுகையையும் உணர்வது எல்லாம் வேறு மாதிரி இருக்கும். எனக்கு அது இருப்பது முப்பது வயதைத் தாண்டித்தான் தெரியவந்தது. மகள் அப்போது நேசரிக்குப் போய்க்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு, ஓட்டிசம் உள்ள பெரியவர்கள் சிலரும் தங்களுக்கும் இருக்குமோ என்ற சந்தேகத்தில் பலரும் என்னோடு கதைக்க வந்தார்கள். உப்புவெளி, பாலையூற்று, கிண்ணியா, தம்பலகாமம் என்று ஊர் மாறினாலும் கேள்விகள் பெரிதாக மாறவில்லை. நான் டொக்டர் இல்லை. மருந்து, பரிசோதனை பற்றி இங்கே எழுதியிருப்பதை உங்கள் வைத்தியரிடமும் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

எனக்கு ஓட்டிசம். நான் பிள்ளை பெற்றுக்கொள்ளலாமா?

பெற்றுக்கொள்ளலாம். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016 பெப்ரவரியில் ஏற்று உறுதிசெய்தது. கல்யாணம் முடிப்பது, குடும்பம் அமைப்பது, எத்தனை பிள்ளை, எவ்வளவு இடைவெளி என்று தீர்மானிப்பது எல்லாம் அவரவர் உரிமை என்று அதன் 23ஆவது உறுப்புரை சொல்கிறது.

சரி, சட்டத்தை விடுவோம். ஓட்டிசம் உள்ளவர்கள் எல்லாக் காலத்திலும் பிள்ளை வளர்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். லியோ கனர் 1943இல் ஓட்டிசத்தைப் பற்றி எழுதியபோது அவர் பார்த்தது சின்னப் பிள்ளைகளைத்தான். அதன் பிறகும் நெடுங்காலம் இது சிறுவர்களின், அதிலும் பொடியன்களின் விஷயமாகவே இருந்தது. அதனால்தான் இன்று நாற்பது, ஐம்பது வயதில் இருக்கும் பலர், பிள்ளையைப் பரிசோதனைக்குக் கூட்டிக்கொண்டு போன இடத்தில், டொக்டர் பிள்ளையைப் பற்றிக் கேட்கும் கேள்வியெல்லாம் தங்களுக்கும் பொருந்துகிறதே என்று திகைத்துப்போகிறார்கள்.

"எனக்குத் தகுதி இருக்கிறதா?" என்ற கேள்விக்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. ஓட்டிசம் இல்லாதவர்களாலும் முடியாது. அதை ஒருபக்கம் வைத்துவிட்டு வேறு மாதிரிக் கேளுங்கள்: எந்த நேரம், எந்த வேலை, எந்தச் சத்தம் என்னை விழுத்தும்? அந்த நேரத்தில் பிள்ளையை யார் தூக்குவார்? இதற்குப் பதில் எழுதலாம். வீட்டாரோடு இருந்து கதைத்து, பிள்ளை பிறக்க முதலே ஒழுங்கு செய்யலாம்.

என் பிள்ளைக்கும் ஓட்டிசம் வருமா?

வரலாம், வராமலும் போகலாம். வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூட என்பது உண்மை.

டென்மார்க், பின்லாந்து, சுவீடன், இஸ்ரேல், மேற்கு அவுஸ்திரேலியா ஆகிய இடங்களில் இருபது இலட்சம் பிள்ளைகளின் பதிவுகளை வைத்து 2019இல் ஓர் ஆய்வு வெளியானது. ஓட்டிசத்தில் மரபணுக்களின் பங்கு ஏறத்தாழ 80 வீதம் என்றது அது. இந்த 80ஐ எங்கேயோ வாசித்துவிட்டுப் பயந்துபோய் வருபவர்கள் அதிகம். எனக்கு இருந்தால் பத்துப் பிள்ளையில் எட்டுப் பிள்ளைக்கு வரும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அந்தக் கணக்கு அதைச் சொல்லவில்லை. ஒரு சமூகத்தில் சிலருக்கு ஓட்டிசம் இருக்கிறது, பலருக்கு இல்லை. அந்த வித்தியாசத்தில் எவ்வளவு பரம்பரையால் வருகிறது என்பதுதான் அந்த 80. உங்கள் வயிற்றில் இருக்கும் பிள்ளையைப் பற்றி அதிலிருந்து எதையும் சொல்ல முடியாது.

ஒரு குடும்பத்துக்குக் கொஞ்சம் கிட்ட வரும் கணக்கு வேறு. மூத்த பிள்ளைக்கு ஓட்டிசம் இருந்தால் அடுத்து வரும் பிள்ளைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இருக்கலாம் என்று 2011இலும் 2024இலும் வெளிவந்த ஆய்வுகள் காட்டின. பொதுவான நிலைமையோடு ஒப்பிட்டுப் பார்க்க: உலகத்தில் 127 பேருக்கு ஒருவர் என்பது 2021ஆம் ஆண்டுக்கான உலக சுகாதார அமைப்பின் மதிப்பீடு. 2009இல் வெளியான ஓர் இலங்கை ஆய்வில், 18 முதல் 24 மாதப் பிள்ளைகளில் 93 பேருக்கு ஒருவர்.

கர்ப்பத்திலேயே கண்டுபிடிக்க ஸ்கேனோ இரத்தப் பரிசோதனையோ கிடையாது. குடும்பத்தில் பலருக்கு வலிப்போ அறிவு வளர்ச்சிக் குறைவோ இருந்தால் மரபணு ஆலோசனை பற்றி வைத்தியரிடம் கேளுங்கள். சில குறிப்பிட்ட மரபணு நிலைகளைச் சோதித்துப் பார்க்க முடியும். சொந்த மச்சான், மச்சாள் கல்யாணம் முடித்திருந்தாலும் கேட்பது நல்லது. அது ஓட்டிசத்தைவிட தலசீமியா (பரம்பரை இரத்த நோய்) மாதிரியான நோய்களுக்காக.

இந்தக் கேள்விக்கு அடியில் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கும்: வந்தால் என்னால் தாங்க முடியுமா? சட்டையின் பின் கழுத்து லேபல் குத்துகிறது என்று பிள்ளை குளறும்போது, ஓட்டிசம் உள்ள தாய்க்கு விளக்கம் தேவையில்லை. கத்தரிக்கோலை எடுத்து வெட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பாள். அது ஒரு பக்கம். மறுபக்கத்தை மறைத்து ஆறுதல் சொல்ல எனக்கு விருப்பமில்லை. பிள்ளையின் ஓட்டிசம் உங்களுடையதைப் போல இருக்காது. கதைக்காத, நாள் முழுக்க உதவி தேவைப்படும் பிள்ளையாகவும் இருக்கலாம். உங்களுக்கு அமைதி வேண்டும், பிள்ளைக்கோ நாள் முழுக்கச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தால்தான் உடம்பு ஆறும். ஒரே வீட்டுக்குள் இரண்டு ஓட்டிசம் இப்படி மோதிக்கொள்வதும் உண்டு. அப்படிப்பட்ட வீட்டில் கட்டாயம் மூன்றாவது ஆள் ஒருவர் வேண்டும்.

ஒரு வயதில் சுட்டிக்காட்டாமல், கையசைக்காமல் இருந்தாலோ, 16 மாதமாகியும் ஒரு சொல்கூட வராவிட்டாலோ, இரண்டு வயதில் இரண்டு சொல்லைச் சேர்த்துச் சொல்லாவிட்டாலோ, வந்த பேச்சு எந்த வயதிலாவது நின்றுபோனாலோ உங்கள் பகுதி மிட்வைஃபிடம் சொல்லுங்கள். "அவன்ட தேப்பனும் பிந்தித்தான் கதைச்சவன்" என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். தகப்பனும் ஏன் பிந்திக் கதைத்தார் என்று யாரும் அப்போது பார்க்கவில்லை.

தடுப்பூசி போட்டதால்தான் வருகிறது என்கிறார்களே? பனடோல் போட்டாலுமாம்?

தடுப்பூசிக் கதை 1998இல் ஆரம்பித்தது. எம்.எம்.ஆர். (சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா) ஊசியையும் ஓட்டிசத்தையும் தொடர்புபடுத்தி அன்ட்ரூ வேக்ஃபீல்ட் என்ற பிரித்தானிய டொக்டர் எழுதிய கட்டுரையை, அதை வெளியிட்ட மருத்துவ இதழே 2010இல் மீளப்பெற்றுக்கொண்டது. டென்மார்க்கில் 657,461 பிள்ளைகளை வைத்து 2019இல் வெளியான ஆய்விலும் எம்.எம்.ஆர். ஊசிக்கும் ஓட்டிசத்துக்கும் தொடர்பு காணப்படவில்லை. ஊசியைப் போடுங்கள்.

கர்ப்பத்தில் பனடோல் (பரசிட்டமோல்) போடுவது பற்றிய பேச்சு 2025 செப்டெம்பரில் அமெரிக்க அரசாங்கம் வெளியிட்ட ஓர் அறிவிப்பால் கிளம்பியது. அதற்கு முந்திய வருடமே சுவீடனில் ஏறத்தாழ 25 இலட்சம் பிள்ளைகளை ஆராய்ந்திருந்தார்கள். ஒரே தாயின் பிள்ளைகளை ஒருவரோடொருவர் ஒப்பிட்டுப் பார்த்தபோது தொடர்பு தெரியவில்லை. கர்ப்பத்தில் காய்ச்சலைச் சும்மா விடுவதும் ஆபத்து. தேவைக்கு, சொன்ன அளவில், வைத்தியரைக் கேட்டுப் போடலாம்.

வலிப்புக்கும் மனநிலைக்கும் குளிசை எடுக்கிறேன். பிள்ளை உண்டாக முதல் நிப்பாட்ட வேண்டுமா?

இந்தப் பக்கத்தில் வேறொன்றும் ஞாபகம் இல்லாவிட்டாலும் இது இருக்கட்டும். ஓட்டிசம் உள்ளவர்களில் வலிப்பு மற்றவர்களைவிடக் கூட. வலிப்புக்கும் சில மனநிலை நோய்களுக்கும் கொடுக்கும் சோடியம் வல்புரோவேட் கர்ப்பத்தில் பிள்ளைக்குப் பாதிப்பு உண்டாக்கக்கூடிய மருந்து. பிறவிக் குறைபாடுகளுக்கான ஆபத்து கூடும், ஓட்டிசத்துக்கான வாய்ப்பும் கூடும். 2013இல் வெளியான டென்மார்க் ஆய்வில், அந்த மருந்தை எடுத்த தாய்மாரின் பிள்ளைகளில் நூற்றுக்கு 4.4 பேருக்கும் பொதுவாக நூற்றுக்கு 1.5 பேருக்கும் ஓட்டிசம் காணப்பட்டது.

ஆனாலும் நீங்களாக நிப்பாட்டாதீர்கள். திடீரென்று விட்டால் வலிப்பு வந்து தாயும் பிள்ளையும் ஆபத்தில் விழலாம். பிள்ளைக்கு யோசிக்கத் தொடங்கும்போதே கிளினிக்குக்குப் போய், பிள்ளை பெற இருக்கிறேன், இந்தக் குளிசையை மாற்றலாமா என்று கேளுங்கள். ஃபோலிக் அமிலமும் அதேபோல முன்கூட்டியே தொடங்க வேண்டியது. புதுமணத் தம்பதியருக்கு அதைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை மூலம் கொடுக்கிறார்கள். வலிப்பு மருந்து எடுப்பவர்களுக்கு அளவு வேறாக இருக்கலாம் என்பதால் அதையும் சேர்த்துக் கேளுங்கள்.

கல்யாணம் பேசும்போது சொல்ல வேண்டுமா?

பேச்சுக்காலில் இருக்கும் பெரியவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. கட்டப்போகிறவருக்குச் சொல்ல வேண்டும். குறிப்பு பொருந்தினால் போதுமென்று இருக்கும் ஊரில் இது லேசான காரியம் இல்லை, தெரியும். பெயரைச் சொல்லத் தயக்கமாக இருந்தால் நாளாந்த விஷயமாகவே சொல்லலாம்: "கூட்டமான வீட்டில் எனக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இருக்க ஏலாது. இரவு நித்திரை குழம்பினால் அடுத்த நாள் கதைக்கவும் ஏலாது." இதற்கு அவர் என்ன சொல்கிறார் என்பதிலிருந்து, நாளைக்கு இரவு இரண்டு மணிக்குப் பிள்ளையை வாங்கிக்கொள்வாரா என்பது ஓரளவு தெரிந்துவிடும்.

கர்ப்பகால கிளினிக்கை நினைத்தாலே பயமாக இருக்கிறது.

வாங்கு நிறையச் சனம், மேலே கறகறவென்று சுற்றும் ஃபான், டெட்டோல் மணம், பெயர் கூப்பிடுவது கேட்காமல் போய்விடுமோ என்ற பதற்றம். எனக்கு வயிற்றுப் பிள்ளையைவிட அந்த வாங்குதான் பாரமாக இருந்தது.

எங்கள் நாட்டில் நல்ல விஷயம், மிட்வைஃப் வீட்டுக்கே வருகிறார். கிளினிக்கில் சொல்ல முடியாததை வீட்டு விறாந்தையில் சொல்லலாம். ஓட்டிசம் என்ற சொல்லைப் பிள்ளைகளோடு மட்டும் சேர்த்துக் கேள்விப்பட்ட மிட்வைஃப் என்றால் முதலில் முழிப்பார். அதனால் ஒரு துண்டுக் கடதாசியில் நாலு வரி எழுதிக் கர்ப்பப் பதிவேட்டுக்குள் வைத்துவிடுங்கள்: தொட முதல் சொல்லுங்கள், ஒரு நேரத்தில் ஒரு கேள்வி கேளுங்கள், செய்யவேண்டியதை எழுதித் தாருங்கள், பதில் வரப் பிந்தினால் கோபம் என்று நினைக்க வேண்டாம். "ஓட்டிசம் உள்ள தாய்" என்று தலைப்புப் போடுவதும் போடாததும் உங்கள் விருப்பம். நாலு வரியும் அது இல்லாமலே வேலை செய்யும்.

கிளினிக்கில் தரும் சத்துமாவான திரிபோஷாவின் நறநறப்பு வாய்க்கு ஒத்துவராவிட்டால் அதையும் சொல்லுங்கள். வாங்கி அலுமாரியில் அடுக்கி வைப்பதால் யாருக்கும் சத்து ஏறாது.

பிரசவ அறையில்?

நோவை முகத்தில் காட்டாதவர்கள் எங்களில் பலர். குளறாமல் படுத்திருந்தால் இன்னும் நேரம் இருக்கிறது என்று நினைத்துவிடுவார்கள். "நோ கூடினால் நான் கத்தமாட்டேன், கதைப்பதை நிப்பாட்டிவிடுவேன்" என்று முன்கூட்டியே தாதியிடம் சொல்லி வைக்க வேண்டும். சில வைத்தியசாலைகளில் ஒருவரைத் துணைக்கு விடுகிறார்கள். விடுவார்களா என்று கிளினிக் நாட்களிலேயே கேளுங்கள். அம்மாவோ அக்காவோ, யார் உங்களுக்காக வாய் திறப்பாரோ அவர் போகட்டும். பாசம் கூடியவர்தான் போகவேண்டும் என்று இல்லை.

பிள்ளை பிறந்து 31 நாளும் ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்களே. எப்படிச் சமாளிப்பது?

எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் வீடு பெண்பிள்ளைக்குத்தான். கல்யாணம் முடித்தாலும் அம்மாவோடு, அல்லது அம்மாவின் வளவுக்குள்ளேயே இருக்கிறோம். வெளிநாடுகளில் ஓட்டிசம் உள்ள தாய்மார் எழுதுவதை வாசித்தால், தனிமைதான் அவர்களுடைய பெரிய முறைப்பாடாக இருக்கிறது. எங்களுக்குத் தலைகீழ். இரவு அம்மம்மா பிள்ளையைத் தூக்கிக்கொள்வார், அதற்குக் கோடி புண்ணியம். பகலில் சின்ன மாமி, பெரிய மாமி, பக்கத்து வீட்டு அக்கா, அவவின் சம்பந்தி என்று விறாந்தை நிறைந்துவிடும்.

துடக்கு என்ற வழக்கத்தை உங்களுக்குச் சாதகமாகப் பாவிக்கலாம். துடக்கு வீட்டுக்கு ஆட்கள் வராமல் இருந்தால் யாரும் குறையாக நினைக்க மாட்டார்கள். "31 கழியட்டும், பிறகு வாங்கோ" என்று அம்மா ஒரு வார்த்தை சொன்னால் போதும், நீங்கள் முகம் முறிக்கத் தேவையில்லை. கிண்ணியாவில் ஒரு சகோதரி நாற்பது நாளும் கதவில் கடதாசி ஒட்டி வைத்திருந்தார்: "தாயும் பிள்ளையும் நித்திரை. பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு வாங்க." முதல் கிழமை சிரித்தார்களாம். அடுத்த கிழமையிலிருந்து நாலு மணிக்குத்தான் வந்தார்களாம்.

பிறகு வேதுக் குளிப்பும் சரக்குக் கறியும். நொச்சி, பாவட்டை இலை போட்டு அவித்த தண்ணியை ஆவி பறக்க முதுகில் ஊற்றும்போது சிலருக்குச் சுகமாக இருக்கும், சிலருக்குத் தோல் எரிந்து தலைக்குள் ஏதோ அறுந்துபோகும். இரண்டாவது வகை என்றால் அம்மாவோடு சண்டை பிடிக்காமல் பேரம் பேசுங்கள். தண்ணி இளஞ்சூடாக, நீங்களே ஊற்றிக்கொள்வதாக. கறிக்கும் அப்படித்தான். நான் அம்மாவிடம், "மிளகும் உள்ளியும் எவ்வளவும் போடுங்கோ, பெருங்காயம் மட்டும் வேண்டாம், மூக்குக்குள்ள நிக்குது" என்றேன். முழுக்க வேண்டாம் என்றால் மல்லுக்கு நிற்பவர்கள், ஒரு சாமானை மட்டும் வேண்டாம் என்றால் இறங்கி வருவார்கள்.

பிள்ளை அழும் சத்தத்தை என்னால் தாங்க முடியுமா?

இதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள், குரலைத் தாழ்த்தி.

பிள்ளையின் அழுகை பொதுவாக ஆறாவது கிழமை அளவில் உச்சத்துக்குப் போய், மூன்று நாலு மாதத்தில் குறைந்துவிடும். எந்தப் பிள்ளைக்கும் இதுதான் போக்கு. நீங்கள் சரியாக வளர்க்காததால் அழுகிறது என்று அதற்கு அர்த்தமில்லை. ஆனால் அந்தச் சத்தம் எங்களில் சிலருக்குக் காதோடு நிற்பதில்லை, பல்லுக்குள்ளும் வயிற்றுக்குள்ளும் போகும். மற்றத் தாய்மாருக்குப் பரிதாபம் வருகிற இடத்தில் எங்களுக்கு ஓடவேண்டும் போல வரும். அது பாசக்குறைவு இல்லை.

ஹார்ட்வெயார் கடைகளில் கிரைண்டர் பிடிப்பவர்கள் போடும் காதுமூடி இருக்கிறது, இரண்டு பக்கமும் கிண்ணம் மாதிரி. அதைப் போட்டுக்கொண்டு பிள்ளையைத் தோளில் போட்டு ஆட்டலாம். அழுகை கேட்கும், அதன் கூர்மை மட்டும் மழுங்கும். மாமி பார்த்தால் என்ன நினைப்பார் என்று கேட்டவர்களுக்கு நான் சொல்வது: காதுமூடி போட்ட மருமகள் பிள்ளையைக் கையில் வைத்திருக்கிறாள், அதைப் பார்க்கட்டும்.

தாங்க முடியாத கட்டம் வந்தால், பிள்ளையைத் தொட்டிலில் அல்லது தரைப் பாயில் மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டு, கதவைச் சாத்தி, ஐந்து பத்து நிமிடம் வெளியே வந்து நில்லுங்கள். பாதுகாப்பான இடத்தில் பத்து நிமிடம் அழுவதால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. குலுக்கினால் மூளையில் இரத்தம் கசிந்து உயிரே போகலாம். பிள்ளையை ஒருபோதும் குலுக்க வேண்டாம். இதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வைக்க வேண்டும்.

அழுகை மட்டும் தனியாக வருவதில்லை என்பதையும் கவனியுங்கள். பத்ரகாளி அம்மன் கோயில் திருவிழா ஒலிபெருக்கி, மீன்காரரின் ஹோர்ன், பிள்ளை கண்ணயர்ந்த அந்த நிமிடம் பார்த்து பீத்தோவன் இசையோடு வாசலுக்குப் பாண் விற்க வரும் சூன் பாண் ஓட்டோ (பாவம், அந்த மனிசனும் பிழைக்கத்தானே வேண்டும்). இவையெல்லாம் சேர்ந்து காலையிலிருந்து ஏறிக்கொண்டு வந்து பின்னேரம் ஆறு மணி அழுகையில் வெடிக்கும். அழுகையைக் குறைக்க முடியாது. மற்றதில் எதைக் குறைக்கலாம் என்று பாருங்கள். ஆள் பார்க்காமல் ஓடுகிற டிவி முதல் போகட்டும்.

பால் கொடுக்கும்போது உடம்பெல்லாம் கூசுகிறது. நான் கெட்ட தாயா?

இல்லை. தொடுகை அதிகமாகத் தாக்கும் தோலுக்கு அது உண்மையான சித்திரவதையாக இருக்கலாம். இலங்கையில் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்பதைக் கடுமையாக வலியுறுத்துகிறார்கள், காரணமும் நல்லது. பிள்ளை வாய் வைக்கும் விதத்தை மிட்வைஃபைக் கொண்டு முதலில் சரிபாருங்கள். பாதிக் கூச்சம் அதில் தீர்ந்துவிடலாம். மற்றக் கையில் இறுக்கிப் பிடிக்க ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள். கறந்து கரண்டியால் கொடுப்பதும் தாய்ப்பால்தான். எதுவும் சரிவராவிட்டால் மா பால் பற்றி வைத்தியரோடு கதையுங்கள். பால் கொடுக்கும் நேரத்துக்குப் பயந்து நடுங்கும் தாயைவிட அது பிள்ளைக்கு நல்லது என்பது என் அபிப்பிராயம்.

நான் முகம் பார்த்துக் கதைக்க மாட்டேன், கொஞ்சவும் தெரியாது. பிள்ளைக்குப் பாசம் கிடைக்குமா?

பிரித்தானிய ஆய்வாளர்கள் 2020இல் ஓட்டிசம் உள்ள 355 தாய்மாரையும் இல்லாத 132 தாய்மாரையும் ஒப்பிட்டார்கள். பல வேலையை ஒன்றாகச் செய்வது, வீட்டுப் பொறுப்பு, மற்றப் பெற்றோரோடு பழகுவது, பிள்ளை விஷயமாக அதிகாரிகளோடு கதைப்பது, இவற்றில் ஓட்டிசம் உள்ள தாய்மாருக்குக் கஷ்டம் கூடுதலாக இருந்தது. பிள்ளையின் தேவையைத் தங்கள் தேவைக்கு முன் வைப்பதில் அவர்கள் பின்நிற்கவில்லை.

ஓட்டிசம் உள்ள பிரித்தானியச் சமூகவியலாளர் டேமியன் மில்டன் 2012இல் எழுதியது இங்கே உதவும்: விளங்கிக்கொள்ளாமை இரண்டு பக்கத்திலும் இருக்கிறது, எங்களுக்கு மற்றவர்களை விளங்காத அளவுக்கு மற்றவர்களுக்கும் எங்களை விளங்குவதில்லை. உங்கள் பிள்ளை பிறந்த நாளிலிருந்து உங்களைப் படித்துக்கொண்டிருக்கும். எனக்குக் கொஞ்சத் தெரியாது. மகளைக் காலையில் பிரெட்ரிக் கோட்டைப் பக்கம் மான் பார்க்கக் கூட்டிக்கொண்டு போவேன். எந்த மானுக்குக் கொம்பு உடைந்திருக்கிறது என்று இரண்டு பேரும் ஒரு சொல்லும் பேசாமல் பார்ப்போம். கொஞ்சுவது அப்பாவின் இலாகா.

நான் ஆண். அப்பாவாகப் போகிறேன். எல்லோரும் தாயைப் பற்றியே எழுதுகிறார்கள்.

நியாயமான முறைப்பாடு. அரசாங்க வேலையில் தாய்க்கு முழுச் சம்பளத்தோடு 84 வேலை நாள் லீவு, தகப்பனுக்கு மூன்று நாள். நாலாவது நாள் நித்திரை இல்லாமல் கந்தோருக்குப் போய், திரும்பி வந்தால் வீட்டில் உங்கள் கதிரைகூட இடம் மாறியிருக்கும். ஒழுங்கு குலைவதைத் தாங்காதவருக்கு அதுவே பெரிய அடி. ஆண்கள் அழாமல், ஒரேயடியாக ஷட்டவுன் ஆகிப் பேச்சை நிப்பாட்டுகிறார்கள். மாமியார் வீட்டில் அதை "மாப்பிள்ளைக்குக் கோபம்" என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

என்னோடு கதைத்த ஒருவர் செய்தது நல்லாயிருந்தது. "ஏதாவது உதவி செய்யுங்கோ" என்றால் அவருக்குத் தலை சுற்றும். அதனால் மூன்று வேலையை முழுக்கத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார்: நப்பி தோய்ப்பது, இரவு பதினொன்றிலிருந்து இரண்டு வரை பிள்ளையைப் பார்ப்பது, ஊசித் தேதிகள். அந்த மூன்றிலும் யாரும் தலையிடக் கூடாது, மற்றதில் அவரைக் குறைசொல்லக் கூடாது. அந்த வீட்டில் ஊசி ஒருநாளும் பிந்தியதில்லை.

எனக்கு மனச்சோர்வு வந்தால்?

கர்ப்பத்திலும் பிரசவத்துக்குப் பிறகும் மனச்சோர்வு எங்களுக்குக் கூடுதலாக வருவதை நான் மேலே சொன்ன 2020 ஆய்வும் காட்டியது. எங்களில் அது அழுகையாக வராமல், ஏற்கெனவே செய்துகொண்டிருந்த வேலைகள் ஒவ்வொன்றாக நின்றுபோவதாக வரலாம். தலை இழுப்பது, பல் தீட்டுவது, போனுக்குப் பதில் போடுவது. பிரசவத்துக்குப் பிறகான மனச்சோர்வைப் பார்க்கப் பத்துக் கேள்விகள் கொண்ட எடின்பரோ படிவம் இருக்கிறது, மிட்வைஃபிடம் கேளுங்கள். தேசிய மனநல உதவி இலக்கம் 1926. உங்களையோ பிள்ளையையோ ஏதாவது செய்துவிடுவேனோ என்ற எண்ணம் வந்தால் விடியும் வரை காத்திருக்க வேண்டாம். வைத்தியசாலைக்குப் போங்கள், அல்லது 1990க்கு அடித்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

"உனக்கு இருக்கிற வருத்தத்தோட பிள்ளையை எங்களிட்ட விடு" என்று வீட்டில் சொல்கிறார்கள்.

பிள்ளையை எடுத்துக்கொண்டு போய்விடுவார்களோ என்ற பயம் வெளிநாட்டில் அரசாங்கத்தைப் பற்றி. இங்கே சொந்தக்காரரைப் பற்றி. பிள்ளையைப் பார்க்க உதவுவதும் பிள்ளையை எடுத்துக்கொள்வதும் ஒரே வாசலால்தான் வரும், அதனால் இரண்டையும் பிரித்தறிவது கஷ்டம். ஒரு அடையாளம் சொல்கிறேன். உதவி செய்பவர் உங்களைக் கேட்டுச் செய்வார், வேலை முடிந்ததும் பிள்ளையை உங்கள் கையில் தருவார். விவாகரத்து வழக்கு என்று போனாலும் நீதிமன்றம் பார்ப்பது பிள்ளையின் நலனை. ஊசி அட்டை, கிளினிக் பதிவு, பாடசாலைக் கடிதம் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள். ஃபைல் அடுக்குவதில் எங்களை வெல்ல ஆளில்லை.

பெரியவர்களுக்குப் பரிசோதனை எங்கே?

திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையின் மனநலப் பிரிவில் தொடங்குங்கள். பெரியவர்களின் ஓட்டிசத்தைப் பார்த்த அனுபவம் எல்லா வைத்தியருக்கும் இருக்காது, கொழும்புக்குப் போகச் சொன்னாலும் சொல்வார்கள். போகும்போது சின்ன வயசுக் கதைகளை அம்மாவிடமோ பெரியம்மாவிடமோ கேட்டு எழுதிக்கொண்டு போங்கள். இடம்பெயர்வில் பழைய ரிப்போர்ட் எல்லாம் தொலைத்த குடும்பங்களுக்கு அதுதான் சாட்சி.

எனக்குப் பிள்ளை வேண்டாம் என்றுதான் படுகிறது.

அப்படியென்றால் வேண்டாம். "இன்னும் விசேஷம் ஒன்றுமில்லையோ" என்று கோயிலில் கேட்பவர்களுக்கு விளக்கம் கொடுக்கும் கடமை உங்களுக்கு இல்லை. துணைவரோடு மட்டும் தெளிவாகக் கதையுங்கள்.

பிள்ளைக்கு என்னைப் பற்றி எப்போது சொல்வது?

ஒருநாள் இருத்தி வைத்துச் சொல்லும் விஷயமாக வைத்திருக்க வேண்டாம். கதைக்கத் தொடங்கும்போதே சின்னச் சின்னதாகச் சொல்லுங்கள். "அம்மாவுக்கு இப்ப காது நிறைஞ்சிட்டுது, கொஞ்ச நேரம் அறைக்குள்ள இருக்கப்போறன், நீ செய்ததாலே இல்லை." கடைசித் துண்டு முக்கியம். அதைச் சொல்லாவிட்டால் பிள்ளை தன்னில்தான் பிழை என்று எடுத்துக்கொள்ளும். ஏழெட்டு வயதில் பெயரையும் சொல்லலாம்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். போன் எடுப்பது, கடையில் கதைப்பது, டீச்சரிடம் விளக்குவது என்று உங்களுக்குக் கஷ்டமானதையெல்லாம் பிள்ளையின் தலையில் கட்ட வேண்டாம். கெட்டிக்காரப் பிள்ளை என்றால் அது கேட்காமலே செய்யத் தொடங்கிவிடும். பாடசாலைக் கூட்டத்துக்குப் போக முடியாவிட்டால், சொல்லவேண்டியதை எழுதி உறையில் போட்டு வகுப்பாசிரியருக்குக் கொடுங்கள், பதிலையும் எழுத்தில் கேளுங்கள்.